ஆழ்துயிலின் பேரலைகள்

உறக்கம் மூளையின் ஓய்வு என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தபோதிலும், ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, இன்று இ.இ.ஜி. என வழங்கும் அம்முறையை 1929இல் அறிவித்த பின்னர், அக்கருத்து தளரத் தொடங்கியது. 1937இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லூமிஸும் அவருடைய குழுவினரும் இம்முறையைக் கொண்டு உறக்கத்தைப் பல படிநிலைகளாகப் பகுத்தனர்.

விழித்திருக்கும் மூளையின் அலைகள் சிறியவை, விரைவானவை. ஆழ்துயிலின் அலைகளோ விநாடிக்கு நான்குக்கும் குறைவாக, 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் உயரத்துடன் எழுந்து விழுகின்றன. அந்த உயரத்தை உழைப்பின் மிகுதி எனக் கொள்வது பிழை. விழிப்பில் நரம்பணுக்கள் வெவ்வேறு கணங்களில் இயங்குவதால் அவற்றின் மின்மாற்றங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்துவிடுகின்றன. ஆழ்துயிலில், தேர் வடம் பிடிப்போர் ஒருமித்து இழுத்து ஒருமித்து நிற்பதைப் போல, பெருமூளைப் புறணி எனப்படும் மடிப்புகள் நிறைந்த மேலடுக்கின் அணுக்கள் ஒருசேர இயங்கி ஒருசேர அடங்குவதால் அலை ஓங்குகிறது. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் மிர்ச்சா ஸ்டெரியாடே, மயக்க நிலையிலிருந்த பூனைகளின் நரம்பணுக்களுக்குள்ளேயே நுண்மின்முனைகளைச் செலுத்தி, அவை விநாடிக்கு ஒரு முறைக்கும் குறைவான தாளத்தில் கிளர்ந்து, பின் முற்றிலும் மௌனமாவதை 1993இல் காட்டினார். மூளை முழுவதும் பரவும் இத்தகைய மௌனம் இயல்பான விழிப்பில் நேர்வதில்லை.

உணர்வு மறைவதற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. மாசிமினி, டொனோனி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காந்தத் துடிப்பால் தூண்டப்பட்ட விழித்த மூளையில் கிளர்ச்சி தொலைவிலுள்ள பகுதிகளுக்கும் பரவியது. ஆழ்துயிலில் அது தொட்ட இடத்தில் வலுவாக எழுந்தும் அங்கேயே அணைந்தது. மூளையின் பகுதிகள் செயலிழக்கவில்லை என்பதையும், அவற்றின் உரையாடலே அறுந்துபோகிறது என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

நினைவைப் பொறுத்தவரை, புதிய அனுபவங்களை முதலில் ஏற்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், எலி நடமாடியபோது இணைந்து இயங்கிய அணுக்கள் அதன் பிந்தைய உறக்கத்திலும் இணைந்து இயங்குவதை வில்சனும் மெக்நாட்டனும் 1994இல் கண்டனர். ஜெர்மனியின் லூபெக் ஆய்வாளர்கள் 2006இல் உறங்குவோரின் தலையில் மெல்லிய மின்னோட்டத்தை விநாடிக்கு 0.75 என்ற தாளத்தில் செலுத்தியபோது, மாலையில் கற்ற சொல்லிணைகள் காலையில் கூடுதலாக நினைவில் நின்றன. ஆனால், பின்னர் நடந்த மறுசோதனைகள் சிலவற்றில் அப்பயன் கிட்டவில்லை. உறக்கத்தில் மூளையின் கழிவுகள் விரைவாக அகற்றப்படுகின்றன என்ற 2013ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முடிவையும் 2024இல் வெளிவந்த எலி ஆய்வொன்று மறுத்துள்ளதால், அதனை முடிந்த முடிபாக எழுதுவது இப்போதைக்கு அவசரமே.

ஆழ்துயில் என்பது மூளையலையைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. உறக்கத்தைக் கணக்கிடும் திறன் கைக்கடிகாரங்கள் அந்த அலையை அளப்பதில்லை. நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிக்கின்றன. காலையில் அவை காட்டும் ஆழ்துயில் கணக்கைக் கண்டு கவலை கொள்வோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.