பல் மருத்துவர் பள்ளிக்குப் போகட்டும்

அரசுப் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில், கண், காது, எடை எல்லாம் பார்த்த கையோடு பிள்ளைகளின் வாயையும் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சொத்தை இருந்தால் அட்டையில் குறித்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்படி பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அத்தோடு சரி. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, இன்னும் வலிக்காத பல்லுக்காக எந்தத் தாய் தாலுகா மருத்துவமனைக்குப் போவாள்? வலி தாங்காமல் பிள்ளை இரவெல்லாம் அழுத பிறகு போகிறாள். அப்போது பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

இந்த இடைவெளியில் பலியாவது எந்தப் பல் என்று பாருங்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லையும் விழச் செய்யாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். “விழுந்து முளைக்கப்போகிற பல்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் முதல் நிரந்தரப் பல். போனால் இன்னொன்று வராது. அதன் மேற்பரப்பின் பள்ளங்களில் மாவுப் பண்டமும் இனிப்பும் தங்கி, முளைத்த சில ஆண்டுகளுக்குள் சொத்தை விழுகிறது. ஒன்றாம் வகுப்பிலேயே அந்தப் பள்ளங்களை அடைத்துவிட்டால் பல் பிழைக்கும். அதைச் செய்பவர் ஒன்றாம் வகுப்பு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல; நூறு வயதைத் தாண்டியது. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, நியூசிலாந்து இளைஞர்களின் வாய் இருந்த லட்சணம் அந்நாட்டு அரசைத் திடுக்கிட வைத்தது. படையின் பல் மருத்துவப் பிரிவை நடத்திய தாமஸ் ஹன்டர், போர் முடிந்ததும் சுகாதாரத் துறைக்கு வந்தார். இருபது வயதில் ஒட்டுப்போடுவதைவிடப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குவது மேல் என்பது அவர் கணக்கு. ஆனால், கைவசம் போதிய பல் மருத்துவர்கள் இல்லை. எனவே 1921இல் வெலிங்டனில் இளம்பெண்களைச் சேர்த்து இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, பள்ளி வளாகங்களில் அமைந்த சிறு கிளினிக்குகளுக்கு அனுப்பினார். காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவியோடு அவர்கள் வேலை பார்த்த அறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கொலைக்கூடம்’! பெயர் எதுவானாலும் பல்லைக் காக்கும் வேலை பள்ளிக்குள் வந்து சேர்ந்தது. 1949இல் பினாங்கில் மலாயாவுக்கான பல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இலங்கையிலும் பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் என்றே ஒரு பிரிவினர் இருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இது எளிதாக நடந்துவிடவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1949இல் இத்தகைய பயிற்சியைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் இயற்றியது; பல் மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அது ரத்தானது. தொழில் உரிமைக்கும் பிள்ளைகளின் வாய்க்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

நமக்கோ அந்தச் சங்கடமே இல்லை. ஹன்டருக்கு மருத்துவர்கள் கிடைக்கவில்லை. இங்கே அவர்கள் வேலை தேடி அலைகிறார்கள். நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 25,000 இடங்களுக்கு மேல். ஐந்தாண்டு படித்துவிட்டு, தனியார் கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு உதவியாளராக நிற்கும் பி.டி.எஸ். பட்டதாரி தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆகவே, செவிலியரைப் பயிற்றுவிக்கும் பகுதியை நாம் நியூசிலாந்திடமிருந்து எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பள்ளியில் போய் உட்காரும் பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 2014-15இல் தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டமோ, மருத்துவமனைகளில் பல் பிரிவுகளை வலுப்படுத்துவதையே மையமாகக் கொண்டது. மத்திய அரசின் பள்ளிச் சிறார் பரிசோதனைக் குழுவுக்கான வழிகாட்டு நெறிகளில் பல் சொத்தை உண்டு, பல் மருத்துவர் கிடையாது.

பெரிய நாற்காலி, கம்ப்ரசர், மின்சாரம் இல்லாமல் வகுப்பறையில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். நிறையவே முடியும். 1980களில் தான்சானியாவில் உருவான முறையில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் என்ற பசையை வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஊசியும் துளைக்கருவியும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தை ஒரு துளி தொட்டுத் தடவினாலே பல சொத்தைகள் மேலே பரவாமல் நிற்கின்றன. தடவிய இடம் கறுத்துப்போகும். முன்பல் என்றால் பெற்றோரைக் கேட்டுத்தான் தடவ வேண்டும். கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்? இவ்விரண்டையும், ஃபுளோரைடு பற்பசையையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஃபுளோரைடு என்றதும், நிலத்தடி நீரில் அது மிகுந்த தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945இல் குடிநீரில் ஃபுளோரைடைக் கலந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், தண்ணீரில் அது மிகுந்ததால் பல்லில் காவி படிந்து எலும்பும் இறுகிப்போன மக்களைப் பற்றிய ஆய்வு வெளியாகிவிட்டது. ஒரே பொருள், அளவு வேறு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரம் இல்லையென்றால் ஒன்றரை. அவ்விரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகும், அந்தக் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றைத் தேடும் ஊர்களில் பல் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்பதுதான். சென்னைக்கு எழுதிய அறிவுரையை அப்படியே பென்னாகரத்துக்கு அனுப்ப முடியாது. மருத்துவர் அந்த வட்டாரத்திலேயே இருந்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

1981இல் உலக சுகாதார நிறுவனமும் உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பும் 2000ஆம் ஆண்டுக்கென இலக்கு வைத்தபோது, ஐந்தாறு வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்காவது சொத்தையே இருக்கக் கூடாது என்றன. இப்போதைய இலக்கு, 2030க்குள் உலக மக்களில் 80 விழுக்காட்டினருக்கு அடிப்படை வாய்நல சேவை உரிமையாக வேண்டும் என்பது. நம் அரசு இதில் எங்கே நிற்கிறது என்பதை, திறந்த கல்லூரிகளை எண்ணிச் சொல்லக் கூடாது. எத்தனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைவாய்ப் பல் அடைக்கப்பட்டது என்று ஒன்றியவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் பள்ளிப் பணிக்கென்றே ஒரு பல் மருத்துவரையும் ஓர் உதவியாளரையும் நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலை இதற்கு ஆகாது. பயிற்சி மருத்துவர்களின் கிராமப்புறப் பணி நாட்களை, பேனர் கட்டிப் படம் எடுக்கும் முகாம்களில் கழிக்காமல் இந்தக் குழுக்களோடு இணைக்க வேண்டும். பள்ளி வாசலில் மிட்டாயும் குளிர்பானமும் விற்பதை உள்ளாட்சி அமைப்புகள் கட்டுப்படுத்த வேண்டும். முதல் நியமனங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், வரும் கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் நடக்கட்டும்.