வார்டில் புழங்கும் சொற்களை யார் கேட்பது?

மருத்துவக் கல்வி குறித்த ஆய்வு என்றாலே பயிற்சிக்கு முன் ஒரு வினாத்தாள், பின் ஒரு வினாத்தாள், இடையே உயர்ந்த மதிப்பெண் என்னும் வடிவம் நம் நாட்டில் பழகிப்போய்விட்டது. மாணவர் எவ்வளவு அறிந்தார் என்பதற்கு அது போதும். அவர் எத்தகைய மருத்துவராக உருவாகிறார் என்று அறியப் பண்புசார் ஆய்வு தேவை.

1950-களில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சமூகவியலாளர் ஹோவர்டு பெக்கரும் அவர்தம் குழுவினரும் மாணவர்களுடனேயே வார்டுகளில் சுற்றிவந்தனர். சில நோயாளிகளை மாணவர்கள் ‘க்ராக்’ என்றனர். பானையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. பெக்கர் அதன் பொருளை விடாமல் கேட்டறிந்தார். பல உபாதைகளைச் சொல்லியும் உடலில் நோய் எதுவும் புலப்படாதவர்களுக்கு மாணவர்கள் இட்ட பெயர் அது. அத்தகையோரிடம் கற்கப் புதிதாக ஏதுமில்லை என்பதே அவர்களது எரிச்சலுக்கு முக்கியக் காரணம். நோயாளிகளை மாணவர்கள் எந்த அளவுகோலால் தரம்பிரித்தனர் என்பது அந்த ஒரு சொல்லின் வழியே துலங்கியது. இக்களப்பணியின் விளைவே 1961-இல் வெளிவந்த ‘பாய்ஸ் இன் ஒயிட்’ என்னும் நூல். அப்படியொரு சொல் இருப்பதையே அறியாதவர் அதை எந்த வினாத்தாளில் சேர்த்திருக்க முடியும்?

இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம் மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவற்றை எம்.பி.பி.எஸ். படிப்பில் முறையாகச் சேர்த்தது. ஆனால், வகுப்பில் பரிவைப் பற்றிப் படிக்கும் மாணவர், வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று, பெரும்பாலும் அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் அவரைப் பற்றியே பேசக் கற்கிறார். பேராசிரியர் எம்மொழியில் கடிந்துகொள்கிறார், நோயாளியிடம் திரும்பும்போது எம்மொழிக்கு மாறுகிறார், எதை மொழிபெயர்க்காமல் விடுகிறார் என்பனவும் மாணவருக்குப் பாடங்களே. உடனிருந்து கேட்பவருக்கே அவை புலப்படும்.

இத்தகைய ஆய்வுத் திட்டத்தை முன்வைத்தால் எழும் முதல் கேள்வி, ‘சாம்பிள் சைஸ் என்ன?’ என்பதே. விகிதம் கணிக்க எண்ணிக்கை வேண்டும், அதில் ஐயமில்லை. ஒன்று எப்படி, ஏன் நிகழ்கிறது என்று அறிய, பொருத்தமானவர்களைத் தேர்ந்து, புதிய கருத்து எழாத நிலைவரை கேட்கவேண்டும். தன் முடிவுக்கு முரணான சான்றையும் தேடிச்செல்லவேண்டும்.

ஆய்வுக் குழுக்கள் கேட்கவேண்டிய கடினமான கேள்விகள் வேறு உள்ளன. நேர்காணல் எம்மொழியில் நடக்கும்? மூலமொழியிலேயே பகுத்தாயப்படுமா, ஆங்கிலமாக்கிய பின்னரா? பேட்டி காண்பவரே நாளை தேர்வாளராகவும் அமர்வார் எனில், மாணவர் எதைச் சொல்லாமல் விடுவார்? இவற்றுக்கு விடையில்லாத பண்புசார் ஆய்வைத் தாராளமாக நிராகரிக்கலாம். எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் நிராகரிப்பது, கட்டிலில் கிடப்பவர் செவியில் விழுவதை ஆய்வின் செவியில் விழாமல் செய்துவிடும்.