அமோர்: பார்த்துக்கொள்பவரின் நடிப்பு

மைக்கேல் ஹனேகே இயக்கி 2012-ல் வந்த பிரெஞ்சுப் படம் 'அமோர்'. பாரிஸில் ஒரு அடுக்குமாடி வீடு. எண்பது வயதைத் தாண்டிய தம்பதி, இருவருமே ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்கள். மனைவிக்குப் பக்கவாதம் வருகிறது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடாதே என்று கணவரிடம் கேட்டுக்கொள்கிறார். அதன் பிறகு ஊட்டுவது, தூக்குவது எல்லாம் பெரும்பாலும் கணவர்தான்.

மனைவியாக நடித்த இம்மானுவேல் ரிவாவுக்கு 85 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. பேச்சும் கையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வதை அப்படியே காட்டியிருப்பார். தகுதியான பரிந்துரைதான். ஆனால் கணவராக வந்த ழான் லூயி திரந்தினியான் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! பிரான்சின் செசார் விருது மட்டும் இருவருக்குமே கிடைத்தது. அதுதான் நியாயம்.

நோயாளியின் வலி கண்ணுக்குத் தெரியும். பார்த்துக்கொள்பவரின் களைப்பு தெரியாது. அதை நடிப்பது இன்னும் கஷ்டம். தண்ணீரைக் குடிக்காமல் துப்பும் மனைவியைச் சட்டென்று அறைந்துவிட்டு, தானே அதிர்ந்துபோவாரே, அந்த ஒரு காட்சி போதும். அன்பும் சலிப்பும் ஒரே முகத்தில்!

வீடுகளிலும் இதே கதைதானே? வருகிறவர்கள் எல்லாம் படுத்திருப்பவரைத்தான் நலம் விசாரிப்பார்கள். பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நிற்பவரிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று யார் கேட்கிறார்கள்?