வாங்குபவருக்குத் தெரியாத விலை

பங்குச்சந்தையின் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 91 சதவீதத்தினர் 2024-25 நிதியாண்டில் நஷ்டம் அடைந்தனர் என்கிறது, ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு. அந்த ஓராண்டில் அவர்கள் இழந்த நிகரத் தொகை 1,05,603 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டின் இழப்பு 74,812 கோடி ரூபாய்.

இழப்பவர்கள் யார் என்பதையும் செபியின் முந்தைய ஆய்வு சொல்கிறது. 2023-24-இல் இவ்வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 43 சதவீதத்தினர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கில் மூவர் தங்கள் ஆண்டு வருமானம் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று தெரிவித்தவர்கள். அதே ஆண்டில், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் சுமார் 33,000 கோடி ரூபாயும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி ரூபாயும் செலவுகளைக் கழிப்பதற்கு முன் லாபம் ஈட்டினர். அந்த லாபத்தில் 96 சதவீதத்துக்கும் குறையாத பகுதி, கணினி நிரல்கள் தாமாகவே நடத்திய வணிகத்திலிருந்து வந்தது.

சிறு வணிகர்களின் பேராசையே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. இவ்வணிகத்தின் பெரும்பகுதியாகிய ஆப்ஷன் சந்தையில் விற்பனைக்கு வரும் பொருளின் நியாய விலை என்ன என்பது ஒரு தரப்புக்கு நொடிதோறும் தெரிகிறது, மறுதரப்புக்குத் தெரிவதில்லை.

ஆப்ஷன் என்பது ஓர் உரிமை. நிலம் வாங்க நினைப்பவர் முன்பணம் கொடுத்து, இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்வதாகப் பேசி வைப்பதை ஒத்தது. நிலத்தின் விலை ஏறினால் அவர் கிரயம் செய்துகொள்வார். இறங்கினால் முன்பணத்தைக் கைவிட்டு விலகிவிடுவார். அந்த முன்பணம் எவ்வளவு இருந்தால் இரு தரப்புக்கும் நியாயம் என்பதே கேள்வி. பாரிஸில் லூயி பஷலியே 1900-இல் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். நிறைவான விடை கிடைக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் தங்கள் சூத்திரத்தை வெளியிட்டனர். ராபர்ட் மெர்ட்டன் அதை விரிவாக்கினார். மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் 1997-இல் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிளாக் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொள்ள உயர்கணிதம் வேண்டும். ஆனால், காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் ஆகிய மூவர் 1979-இல் காட்டிய வழிக்குக் கூட்டலும் கழித்தலும் போதும். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், நிதிச்சந்தைப் பாடத்தை நான் அந்த வழியில்தான் தொடங்குவேன்.

ஒரு பங்கின் இன்றைய விலை 100 ரூபாய். நாளை அது 110 ஆகலாம் அல்லது 90 ஆகலாம், வேறு வழியில்லை. நாளை அதை 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை ஒருவர் விற்கிறார். ஒருநாள் வட்டியைக் கணக்கில் கொள்ள வேண்டாம். விலை 110 ஆனால் அந்த உரிமையின் மதிப்பு 10 ரூபாய். 90 ஆனால் ஒன்றுமில்லை. விற்பவர் வாங்குபவரிடம் 5 ரூபாய் பெற்று, 45 ரூபாய் கடன் வாங்கி, அந்த 50 ரூபாயில் அரைப் பங்கு வாங்கி வைக்கிறார். விலை ஏறினால் அரைப் பங்கு 55 ரூபாய்க்கு விற்கும். கடன் 45 போக மிஞ்சும் 10 ரூபாயை வாங்கியவரிடம் கொடுத்துவிடலாம். விலை இறங்கினால் அரைப் பங்கு 45 ரூபாய், கடன் தீர்ந்துவிடும். எது நடந்தாலும் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆகவே நியாய விலை 5 ரூபாய்.

இதே உரிமையை அவர் 7 ரூபாய்க்கு விற்க முடிந்தால் என்ன ஆகும்? எந்த இடரும் இன்றி 2 ரூபாய் அவர் கையில் நிற்கும். அந்த 2 ரூபாயைக் கொடுத்தவர், கணக்குப் போடாமல் வாங்கியவர்.

இக்கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பங்கு ஏறுவதற்கு வாய்ப்பு அதிகமா, இறங்குவதற்கு அதிகமா என்று நாம் எங்கும் கேட்கவே இல்லை. பங்கு 120 ஆகலாம் அல்லது 80 ஆகலாம் என்று மாற்றினால் நியாய விலை 10 ரூபாயாக உயரும். அதாவது, ஆப்ஷனின் விலையைத் தீர்மானிப்பது விலை செல்லும் திசை அல்ல, அசைவின் அளவு. சிறு வணிகர்கள் பெரும்பாலும் திசையை மட்டுமே யோசித்து வாங்குகிறார்கள். கணித்த திசையிலேயே சந்தை சென்றும் பணம் இழப்பவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

உண்மையான சந்தையில் விலை ஒரே படியில் அசைவதில்லை. ஆகவே ஒரு படியை நூற்றுக்கணக்கான சிறு படிகளாகப் பிரித்து, கிளை விரியும் மரம் போல அமைத்து, கடைசிக் கிளையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வர வேண்டும். இடையில் எந்த நாளிலும் பயன்படுத்தத்தக்க உரிமைகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். மைக்கேல் பிரென்னன், எட்வர்டோ ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1977-இல் சமன்பாட்டையே சிறு கட்டங்களாக நறுக்கித் தீர்த்தனர். அதே ஆண்டில் ஃபெலிம் பாயில், அணுகுண்டு ஆய்வுக்காக லாஸ் அலமோஸில் வளர்த்தெடுக்கப்பட்ட மான்டி கார்லோ முறையை இதற்குப் பயன்படுத்தினார். ஆயிரக்கணக்கான கற்பனை விலைப் பாதைகளைக் கணினியில் ஓடவிட்டுச் சராசரி காண்பது அம்முறை. அதில் பத்து மடங்கு துல்லியம் வேண்டுமானால் நூறு மடங்கு பாதைகள் வேண்டும். ஆகவே கணினி வலிமை இருப்பவருக்கே அதன் முழுப்பயன்.

எந்த முறையைக் கையாண்டாலும், சந்தையில் நேரடியாகப் பார்த்து எழுத முடியாத ஓர் எண்ணை உள்ளே கொடுத்தாக வேண்டும். வருங்கால ஏற்ற இறக்கத்தின் அளவுதான் அது. அது விலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குறியீட்டெண் 25,000 புள்ளிகளில் இருக்கிறது. ஆப்ஷன் காலாவதியாக ஒரு வணிக நாளே மிச்சம். ஆண்டு ஏற்ற இறக்கம் 13 சதவீதம் என்று கொண்டால், ஒரு நாளின் வழக்கமான அசைவு சுமார் 205 புள்ளிகள். 25,400-க்கு வாங்கும் உரிமையின் நியாய விலை அப்போது ஏறத்தாழ 2 ரூபாய். அது மதிப்பின்றிக் காலாவதியாகும் வாய்ப்பு 100-க்கு 97-க்கு மேல். ஏற்ற இறக்கத்தை 16 சதவீதம் என்று மாற்றினால், விலை ஏறத்தாழ 6 ரூபாய் ஆகிவிடும். மதிப்பின்றிப் போகும் வாய்ப்பு 94. மூன்று சதவீதப் புள்ளி மாற்றத்தில் விலை மும்மடங்கு!

செல்பேசித் திரையில் அந்த உரிமை 5 ரூபாய்க்குக் கிடைப்பதாகத் தெரியும்போது, 'இவ்வளவு மலிவா' என்றுதான் இளைஞர் ஒருவருக்குத் தோன்றும். நியாய விலை 2 ரூபாயாக இருந்தால் அவர் இரண்டரை மடங்கு கொடுக்கிறார் என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இக்கணக்குகள் பிழையற்றவை என்று நான் வாதிடவில்லை. 1987 அக்டோபர் 19-இல் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. சூத்திரத்தின் அடிப்படை அனுமானப்படி நடக்கவே முடியாத நிகழ்வு அது. மெர்ட்டனும் ஷோல்ஸும் இடம்பெற்றிருந்த எல்.டி.சி.எம். நிதி நிறுவனம் 1998-இல் வீழ்ந்தபோது, 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட வேண்டியிருந்தது. ஆனால், கணக்கு தவறக்கூடும் என்பது கணக்கே தெரியாமல் வாங்குவதற்கு நியாயம் ஆகாது.

நமது சந்தையில் இக்கணக்கு எங்கெல்லாம் நடக்கிறது என்று பார்க்கலாம். புதிய ஒப்பந்தத்தை அறிமுகப்படுத்தும்போது, தேசியப் பங்குச்சந்தை அதன் அடிப்படை விலையை பிளாக்-ஷோல்ஸ் முறையில்தான் நிர்ணயிக்கிறது. விற்பவர் பணம் கட்டத் தவறினால் சந்தை பாதிக்கப்படாதிருக்க, விலையும் ஏற்ற இறக்கமும் எப்படியெல்லாம் மாறலாம் என்று 16 சூழல்களில் மதிப்பிட்டு, தீர்வகங்கள் வைப்புத்தொகை வசூலிக்கின்றன. பெரிய நிறுவனங்கள் நொடிக்குப் பலமுறை கணக்கிடுகின்றன. சந்தை தன்னைக் காத்துக்கொள்ளக் கணக்கிடுகிறது. நிறுவனங்கள் லாபம் பெறக் கணக்கிடுகின்றன. வாங்கும் சிறு வணிகருக்கு மட்டும் அந்த விடை காட்டப்படுவதில்லை.

செபி கைகட்டி நிற்கவில்லை. 'பத்தில் ஒன்பது பேர் நஷ்டம் அடைகின்றனர்' என்ற எச்சரிக்கையைத் தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியதும், வாராந்திர ஒப்பந்தங்களை ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கியதும் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நல்ல நடவடிக்கைகள். ஆயினும், பொதுவான எச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. பத்தில் ஒன்பது பேர் தோற்பார்கள் என்றால், அந்தப் பத்தாவது ஆள் தாம்தான் என்றே ஒவ்வொருவரும் நம்புகின்றனர். தொடர்ந்து நஷ்டம் கண்டவர்களில் நான்கில் மூவர் வணிகத்தை விடவில்லை என்று செபியின் ஆய்வே கூறுகிறது.

ஆகவே, எச்சரிக்கை அவர் வாங்கப்போகும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று விவரங்கள் திரையில் தோன்றட்டும். இந்த உரிமை மதிப்பின்றிக் காலாவதியாகும் வாய்ப்பு 100-க்கு எத்தனை? கட்டணங்களையும் சேர்த்துப் போட்ட பணம் திரும்ப, குறியீடு எதைத் தாண்ட வேண்டும்? இந்த விலைக்குள் அடங்கியிருக்கும் ஏற்ற இறக்கம் எவ்வளவு, கடந்த 30 நாள்களில் உண்மையில் இருந்தது எவ்வளவு? இவற்றைத் தரகு நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், சந்தை அமைப்புகளே ஒரே முறையில் கணக்கிட்டு வழங்க வேண்டும். அனுமானம் மாறினால் விடை மாறும் என்பதால், ஒற்றை எண்ணுக்குப் பதில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் தரலாம்.

பெரும்பாலானோர் காலாவதி வரை காத்திருப்பதில்லையே, இடையிலேயே விற்றுவிடுகிறார்களே என்று கேட்கப்படலாம். உண்மைதான். ஆனால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பொருளை இடையில் விற்றாலும் அந்தக் கூடுதல் சுமை நீங்குவதில்லை. நேரம் கரையக் கரைய மதிப்பும் கரைகிறது. ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் கட்டணம் சேர்கிறது. 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் இத்தகைய செலவுகளுக்கு மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் கொடுத்துள்ளனர். எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவர் வாங்கினால், அது அவரது முடிவு; அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆப்ஷனைத் தடை செய்வதும் தீர்வாகாது. கையில் உள்ள பங்குகளைப் பெருஞ்சரிவிலிருந்து காத்துக்கொள்ள விரும்புபவருக்கு அது ஒரு காப்பீடு.

காய்கறிக் கடையின் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை கட்டாயம். வாங்குபவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தராசு கொண்டுவர முடியாது என்பதால் ஏற்பட்ட விதி அது. ஓராண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் எளிய மக்களின் சேமிப்பு கைமாறும் ஒரு சந்தையிலும் அத்தகைய முத்திரையைக் கேட்பது நியாயமே. தராசு ஏற்கெனவே இருக்கிறது. அதன் முள்ளை வாங்குபவர் பக்கமும் திருப்பி வைக்க வேண்டும்.