லயத்துப் பெட்டையும் விலைக்கு வந்த சாதி நாயும்

மலையகத்தில் நாய் வளர்ப்பது பற்றி எழுதப் போகிறேன் என்றதும், சம்பளப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டனவா என்று ஒரு நண்பர் கேட்டார். தீரவில்லை. ஆனால் நாய்ப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையின் வால்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் வாழ்ந்த காலத்தில் 'எந்த நாயை வளர்ப்பது' என்ற கேள்வியே எமக்கு எழுந்ததில்லை. நாய் தானாக வந்தது. வாசலில் படுத்தது. மிஞ்சிய ரொட்டியைத் தின்றது. மணி என்றோ டைகர் என்றோ ஒரு பெயர் விழுந்தது. அது ஒரு வீட்டு நாயா, லயத்துக்கே பொதுவான நாயா என்று எவரும் விசாரித்ததில்லை. விலை கொடுத்து வாங்கிச் சங்கிலி போட்டுக் கட்டிய நாய் துரை பங்களாவில்தான் இருந்தது.

இன்று சில இடங்களிலாவது 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. இந்திய உதவியுடனான வீடமைப்பு ஒருபுறம் (2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது நினைவிருக்கும்), ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் உயர்ந்த பிள்ளைகள் தாமாகவே கட்டிய வீடுகள் மறுபுறம். வாசற்கதவு சொந்தமானதும் அதைக் காக்க ஒரு நாய் வேண்டும் என்ற ஆசை வருகிறது. உடனே அல்சேஷன் குட்டி எங்கே கிடைக்கும் என்ற விசாரணையும் தொடங்கிவிடுகிறது. அதற்காகக் கண்டிக்கும் கொழும்புக்கும் தொலைபேசி பறக்கிறது. அதே வேளையில் சந்தையின் பின்புறத்திலும் பேருந்து நிலையத்தின் ஓரத்திலும் அட்டைப் பெட்டிக்குள் கண் திறந்தும் திறவாத குட்டிகள் மழையில் நனைந்து கிடக்கின்றன.

இந்த ஆசையின் வேர் பழையது. 1848இல் நுவரெலியாவில் குடியேறுவதற்காக இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் பேக்கர், ஆட்களோடும் கால்நடைகளோடும் ஒரு வேட்டை நாய்ப் படையையும் கொண்டு வந்தார். மரை வேட்டையைப் பற்றி அவர் புத்தகமே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் எமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்து, வழியெங்கும் செத்தும் விழுந்தார்கள். நாய் கப்பலில் அக்கறையோடு வந்தது. மனிதன் கால்நடையாக வந்தான். பங்களா நாயின் கம்பீரம் எம் மனங்களில் இன்னும் நிற்பதில் வியப்பில்லை. சாதியால் இத்தனை அல்லற்பட்ட ஒரு சமூகம் உயர்ந்த நாயைச் 'சாதி நாய்' என்று வாய் கூசாமல் சொல்வதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை!

சாதி நாய் வேண்டும் என்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. குட்டி வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் கொண்டிருக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல. நல்ல வளர்ப்பாளர் தாய் நாயைக் காட்டுவார், எட்டு வாரம் முடியாமல் குட்டியைப் பிரிக்க மாட்டார், அல்சேஷன் என்றால் பெற்றோரின் இடுப்பு மூட்டுகளுக்கு எக்ஸ்-ரே எடுத்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் மலையகத்துக்கு வந்து சேரும் குட்டிகளில் பெரும்பாலானவை அவர்களிடமிருந்து வருவனவாக எனக்குத் தெரியவில்லை. நான் கண்டவை இடைத்தரகர் கைமாறி, வானில் கூடைக்குள் வந்தவை. தாய் எங்கே என்று கேட்டால் 'கொழும்பில்' என்பதே பதில். 2021இல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் இவை. ஒருவரது பல மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய குட்டி, இரண்டாம் வாரம் இரத்தக் கழிச்சலில் செத்துப்போன வீடுகளை நான் அறிவேன்.

தூய இனம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. எமது பூர்வீக மண்ணான தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாயையே எடுத்துக் கொள்ளுங்கள். 2005இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. வெள்ளை நிறத்துக்காகவே நெருங்கிய உறவுகளுக்குள் இணை சேர்த்ததில், அந்த இனத்தில் பிறவிச் செவிடு பரவலாகிவிட்டது. காவலுக்கு வாங்கிய நாய்க்குக் காது கேளாது!

லயத்து நாயிடம் நான் காணும் பெரிய அனுகூலத்தை யாரும் சொல்வதில்லை. குட்டி வாங்குமுன் தாயைப் பார் என்பது உலகெங்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை. லயத்துக் குட்டியின் தாய் எதிர் வாசலிலேயே படுத்திருக்கிறது. அது கடிக்குமா, பிள்ளைகளோடு எப்படி, கொழுந்துக்குப் போகும் பெண்களைத் துரத்துமா என்பதெல்லாம் முழு லயத்துக்கும் தெரியும். தகப்பன் யார் என்பதைக்கூட ஒரு பாட்டி சொல்லிவிடுவார். எந்தச் சான்றிதழில் இவ்வளவு செய்தி இருக்கிறது?

உடலமைப்பும் இடத்துக்கு ஏற்றது. மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து மழையில் அடர்ந்த உரோமம் காய்வதே இல்லை. தோல் நோய் வருகிறது, உண்ணி தெரியாமல் மறைகிறது. நுவரெலியாவின் பனிக்காலக் குளிர் குட்டை உரோம நாய்க்குக் கடினம்தான். அதற்கு அடுப்பங்கரையில் ஒரு சாக்குப் போதும்.

தெருவில் கண்டெடுத்த நாயெல்லாம் சாது என்று நான் சொல்ல வரவில்லை. அடிபட்டு வளர்ந்த பெரிய நாயைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன். நீர்வெறுப்பு நோயின் அச்சமும் பொய்யல்ல. 1970களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் அந்நோயால் மாண்டார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளாகக் குறைந்ததற்கு நாய்களைக் கொன்றது காரணமல்ல. 2006இல் கொல்லும் வழக்கம் கொள்கையளவில் கைவிடப்பட்ட பின்னரும் மரணங்கள் குறைந்தே வந்தன. நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்குத் தாமதியாமல் போடும் ஊசியும்தான் காரணம். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ப் பரவல் அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. யாருக்கும் சொந்தமில்லாத நாயைப் பிடித்து ஊசிக்குக் கொண்டுபோக ஆளில்லை. ஆகவே லயத்து நாயை ஒரு வீடு தனதாக்கிக் கொள்வது அந்த லயத்துக்கே பாதுகாப்பு.

சிறுத்தையையும் மறந்துவிடக் கூடாது. டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து 'சிறுத்தை நாயைத் தூக்கிச் சென்றது' என்ற செய்தி வராத ஆண்டு எங்கள் செய்தி மேசையில் இருந்ததில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் சிக்கி உயிரிழந்த கருஞ்சிறுத்தை வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். சிறுத்தைக்கு நாய் எளிய இரை. ஊர் சுற்றும் நாய் தப்பி ஓடப் பார்க்கும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு அந்த வாய்ப்பும் இல்லை, அது என்ன விலைக்கு வந்திருந்தாலும். இரவில் நாயை உள்ளே எடுக்க இடமில்லாத வீட்டுக்கு முப்பது கிலோ அல்சேஷன் எதற்கு?

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சந்தையோரத்துப் பெட்டியைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் பெட்டைகள். கடுவனை யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். பெட்டை பருவத்துக்கு வந்தால் வாசலில் நாய்க்கூட்டம் சேரும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், ஆண்டுக்கு இரு முறையும் போடலாம் என்ற பயம். அந்தப் பயத்தில் விடப்பட்ட குட்டி வளர்ந்து தெருவிலேயே ஈனுகிறது, அடுத்த பெட்டி நிறைகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க வழி ஒன்றுதான்: பெட்டையையே எடுத்து, முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்துவிடுவது. ஆறு மாதம் ஆகுமுன் கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்டியில் இயங்கும் விலங்குநலச் சங்கமான கக்பாவ் போன்றவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம். தனியார் வைத்தியரிடமே செய்தாலும், அந்தச் செலவு இடைத்தரகர் கேட்கும் குட்டி விலையின் அருகில்கூட வராது.

அவ்வளவுக்குப் பிறகும் அல்சேஷன்தான் வேண்டுமென்றால் வாங்குங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் வானில் வரும் கூடையிலிருந்து வாங்காதீர்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ நீங்களே ஏறிப் போய், தாய் நாய் படுத்திருக்கும் இடத்தைப் பார்த்து, அது மெலிந்திருக்கிறதா, எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பிவிடுங்கள்.