உப்புக் கணக்கு எங்கே?

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் இப்போது ஒரு புதுப் படிப்பு படிக்கிறார்கள். தங்கள் தொழிலால் ஊருக்கும் உலகத்துக்கும் என்ன தாக்கம் என்று அளந்து, அதை அறிக்கையாக எழுதிக் கொடுக்கும் படிப்பு. ஐ.நா. சபை 2015-ல் அறிவித்த 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் நீங்கள் எதில் எவ்வளவு செய்தீர்கள் என்று வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். நம் நாட்டிலும் பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் இப்படி ஓர் அறிக்கை தந்தாக வேண்டும் என்பது செபியின் விதி. இதற்கென்றே பயிற்சி, ஆலோசகர், மென்பொருள் எல்லாம் வந்துவிட்டன. வரட்டும், நல்லதுதான். அளக்காத எதையும் சரிசெய்ய முடியாது. எங்கே நின்று அளக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நொய்யலின் கீழ்ப்பக்கம் பண்ணையம் பார்க்கிறவன் நான். சாயப்பட்டறைத் தண்ணீர் என்ன செய்யும் என்று எங்களுக்கு எந்த ஆலோசகரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில வருசத்திலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. தண்ணீரைத் தேக்கினால் சுற்றியுள்ள கிணறு கெடும், திறந்துவிட்டால் கரூர் வரைக்கும் வயல் கெடும். அணை வேண்டும் என்று கேட்ட அதே விவசாயிகள், அணையில் தண்ணீர் தேக்காதே என்று கேட்கும் நிலைமை வந்தது.

அப்போது தாக்கத்தை அளந்தது யார்? கம்பெனிகள் அளக்கவில்லை. கோர்ட்டுக்குப் போன உழவர்கள்தான் அளக்க வைத்தார்கள். வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் சூழல் இழப்புத் தடுப்பு ஆணையம் உருவானது. அந்த ஆணையம் நொய்யல் பகுதிக்கும் வந்து கணக்கெடுத்து, 2004 டிசம்பரில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 8,700 ரூபாய்கூட வராது. ஒரு கிணற்றின் விலை, ஒரு தென்னந்தோப்பின் விலை, வித்துவிட்ட மாடுகளின் விலை எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்! அதுவும் போராடிக் கேட்ட பிறகு.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கத்தின் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பட்டறைகள் பைசாக் கணக்கில் பணம் கட்டவேண்டும் என்றது. 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை. 2009-ல் உச்ச நீதிமன்றமும் கழிவே வெளியேறக் கூடாது என்று உறுதி செய்தது. அதன் பிறகும் நடக்காததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றைக்கு வேலை இழந்தவர்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதனால் பனியன் தொழில் ஒழியட்டும் என்று நான் சொல்லமாட்டேன். மழை பொய்த்த வருசங்களில் பல தோட்டத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, நல்ல தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கே அனுப்புகிறார்கள். தினமும் 13 கோடி லிட்டர் இப்படித் திரும்பப் பயன்படுவதாகத் தொழில்துறையினர் சொல்கிறார்கள். உலகத்தில் வேறு எந்தத் துணி நகரமும் இந்த அளவுக்குச் செய்யவில்லை என்று பெருமைப்படுகிறார்கள். பெருமைப்படத்தக்க வேலைதான். அறிக்கையிலும் இந்த லிட்டர் கணக்குத்தான் முன்னால் நிற்கிறது.

நான் கேட்பது உப்புக் கணக்கு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போடவேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ வரை உப்பு. இந்த உப்பு துணியில் தங்காது. தண்ணீரில்தான் இருக்கும். தண்ணீரைத் திரும்ப எடுத்தால் உப்பு எங்காவது இருந்தாக வேண்டும். கொஞ்சம் திரும்பச் சாயத்துக்குப் போகிறது, மீதி கலப்பு உப்பாக மூட்டை கட்டிக் கொட்டகையில் கிடக்கிறது. வருசத்துக்கு எத்தனை டன் உப்பு வாங்கினோம், எத்தனை டன் திரும்பப் பயன்படுத்தினோம், எத்தனை டன் கொட்டகையில் இருக்கிறது? இந்த மூன்றும் ஒத்துவராவிட்டால் மீதி எங்கள் பக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டிக்கடைக்காரர்கூடப் போடும் இருப்புக் கணக்கு இது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம்.

உப்பை ஏன் இப்படித் துரத்துகிறேன் என்று கேட்கலாம். கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. அந்த வரம்பில் உள்ள தண்ணீரை ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் வரும் உப்பு 400 கிலோவுக்கு மேல். ஒரே தண்ணியில் எட்டு மூட்டை உப்பைக் காட்டில் இறைப்பதற்குச் சமம். அதுவும் சட்டப்படி! தென்னை கொஞ்சம் தாங்கும், மஞ்சளும் வாழையும் தாங்காது. சோடியம் ஏறிய மண்ணில் கண்கள் அடைபட்டுப் போகும். நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. பஞ்சகவ்யமும் அமுதக்கரைசலும் உயிர் கொடுக்கும், உப்பை எடுக்காது. ஜிப்சம் போட்டாலும், உப்பைக் கழுவிக் கீழே இறக்க நல்ல தண்ணி வேணுமே, அதுக்கு எங்க போறது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயற்கைப் பருத்தி என்று சீட்டு ஒட்டிய பனியன் திருப்பூரில்தான் தைக்கப்படுகிறது. அந்தப் பருத்தியை விளைவித்த உழவரிடம் சான்றிதழ் கொடுப்பவர் பண்ணைக் குறிப்பேடு கேட்கிறார், பக்கத்துக் காட்டில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்கிறார், எந்தத் தண்ணீர் பாய்ச்சினாய் என்று கேட்கிறார். மாறுதல் காலம் என்று வருசக்கணக்கில் காத்திருக்கவும் வைக்கிறார். நாமும் எழுதிக் கொடுக்கிறோம். அதே பனியனுக்குச் சாயம் போட்ட ஊரின் கீழே இருக்கும் கிணற்றைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதா என்று நாம் ஏன் கேட்பதில்லை?

கேட்பதென்றால் நம் கையில் எண் இருக்கவேண்டும். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று ஊருக்குப் போதும். ஊருக்கு ஏழெட்டுக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதே கிணறுகளில், வருசம் இரண்டு தடவை அளக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் ஒன்று, கோடையில் சித்திரையில் ஒன்று. நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் கூடவே எழுதவேண்டும். மட்டம் தெரியாமல் உப்பு அளவை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால், வறட்சியால் உப்பு கூடியது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், இரண்டு கிணற்று மாதிரியையாவது வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். சோடியம் எவ்வளவு என்பதும் அங்கேதான் தெரியும்.

தையில் அளந்ததை ஜனவரி 26 கிராம சபையிலும், சித்திரையில் அளந்ததை மே 1 கிராம சபையிலும் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். கிராம சபைத் தீர்மானத்தை ஒரு தனி ஆளின் புகார் மாதிரி ஒதுக்கிவிட முடியாது. நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், ஏற்றுமதியாளர்களுக்கும், துணி வாங்கும் கம்பெனிக்கும் அனுப்பலாம். தாக்கத்தை அளக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பாடப்புத்தகமாகவும் இருக்கும்.

எங்கள் ஊரில் எட்டுக் கிணறு குறித்து வைத்திருக்கிறோம். நான்கு ஆற்றோரம், இரண்டு நடுவில், இரண்டு மேட்டுக் காட்டில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மேட்டுக் காட்டுக் கிணற்றுக்காரர் ஒருத்தர், "எந்தண்ணி நல்லாத்தான இருக்கு, எனக்கெதுக்குங்க?" என்றார். நல்லா இருக்கிறதும் எழுதி வைக்கணும்ங்க என்று சொல்லியிருக்கிறோம்.