வீட்டு வெண்ணெயும் சங்கத்துப் பாலும்

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் விடியற்காலையில் வீட்டுக்கு வீடு கேட்ட மத்தின் ஒலி இன்று அருகிவிட்டது. கறந்த பால் முழுவதும் சங்கத்துக்குச் செல்கிறது. அதே வீட்டுப் பிள்ளை மாலையில் கடைக்குச் சென்று வெண்ணெயைப் பொட்டலமாக வாங்கி வருகிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று முன்னோர் கேட்டது இத்தகைய நிலையைக் கண்டுதான் போலும்!

சங்கத்துக்குப் பால் ஊற்ற வேண்டாம் என்பதன்று நம் வாதம். குஜராத்தின் கெய்ரா மாவட்டத்து உழவர்கள் தரகரின் பிடியினின்று விடுபட 1946-இல் கண்ட வழி கூட்டுறவுதான். நம் மாநிலத்தில் 1981-இல் அமைந்த பால் உற்பத்தியாளர் இணையமும் அவ்வழி வந்ததே. தவறாமல் கிடைக்கும் பால் பணத்தின் அருமையை மாடு வளர்ப்போர் நன்கறிவர். ஆயினும் விற்றது போக வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு நான்கு பங்கு கொழுப்புள்ள பசும்பால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் வெண்ணெய் எடுக்கலாம்; எருமைப் பாலில் இன்னும் மிகுதி. ஒரு கிலோ வெண்ணெய்க்குப் பசும்பால் ஏறக்குறைய 20 லிட்டர் வேண்டும். அத்தனை பாலின் விலையை வெண்ணெய் விலையோடு மட்டும் ஒப்பிட்டால் ஆதாயம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் மோரிலேயே தங்கிவிடுகின்றன. அம்மோரும் கணக்கில் சேர்ந்தால்தான் வீட்டு வெண்ணெய் இலாபமாகும். வெயிலில் களை பறித்துத் திரும்புவோர்க்கும் தறிக்குழியில் அமர்ந்து உழைப்போர்க்கும் அதனினும் நல்ல பானம் வேறு எது?

செய்முறையில் கடினம் ஒன்றுமில்லை. காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, முந்திய நாள் தயிரில் சிறிது உறையூற்றினால் இரவுக்குள் தயிராகிவிடும். பாலின் கொழுப்பு, மெல்லிய உறை போர்த்த நுண்துளிகளாக இருப்பது. கடையும்போது அவ்வுறை கிழிந்து துளிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. அதுவே வெண்ணெய் திரள்வது. வெப்பம் மிகுந்தால் கொழுப்பு இளகிவிடும், ஒழுங்காகத் திரளாது. ஆதலின் விடியலில் கடைவதே முறை. கோடையில் மண்பானைத் தண்ணீர் சேர்க்கலாம். திரண்ட வெண்ணெயைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை கழுவுதல் அவசியம். தங்கிய மோரே அதனை விரைவில் கெடுப்பது. மிஞ்சியதை முருங்கைக்கீரை இட்டு உருக்கி நெய்யாக்கிவிட்டால் வீண் போகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வீட்டுக்கு வேண்டிய பாலை முழுப்பாலாக முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். ஆடையை எடுத்துவிட்டு மிஞ்சிய பாலைச் சங்கத்தில் ஊற்றுவது தகாது. கொழுப்பையும் பிற சத்துக்களையும் சோதித்து விலை கொடுக்கும் இடத்தில் அவ்வாறு செய்பவருக்கே நட்டம். எல்லார் பாலையும் கலந்து மதிப்பிடும் இடத்திலோ அயலாருக்கு நட்டம். அயலாரை வஞ்சித்து எடுத்த வெண்ணெய் எத்துணை மணத்தாலும் அது கூட்டுறவுக்குக் கேடு.

இன்னொரு யோசனையும் உண்டு. ஆண்டிப்பட்டியை அடுத்த சக்கம்பட்டி, சுப்புலாபுரம் முதலிய நெசவூர்களில் மாடில்லாத வீடுகள் பல. அவ்வீட்டார்க்கு வாரம் ஒருமுறை வேண்டிய வெண்ணெயை, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்று, உழவர் வீட்டுப் பெண்கள் குழுவாகக் கூடிக் கொடுக்கலாகாதா? நெய்பவர் துணியும் உழுபவர் வெண்ணெயும் தரகரின்றிக் கைமாறுமாயின் இருவர்க்கும் நன்மை. சங்க நிர்வாகிகள் இதனை ஆலோசித்தல் நலம்.

நாள்தோறும் பத்து லிட்டர் கறக்கும் வீட்டில் ஒரு லிட்டரை நிறுத்தி வைப்பதால் சங்கம் குன்றிவிடாது. பால் கொடுக்கும் வீட்டில் பிள்ளைகள் மோரும் வெண்ணெயும் அறியாது வளர்வதுதான் குறை. ஊருக்கெல்லாம் பால் வார்க்கும் கை, தன் வீட்டுத் தாழியையும் சிறிது நினைக்கட்டும்.